நாலு பெயரில் வாழ்ந்த அப்பா

அப்பா போன பிறகு வந்த மாதங்களில் நான் அழுததைவிட ஜெராக்ஸ் எடுத்ததுதான் அதிகம். 92 வயது, படுக்கையில் விழவில்லை, யாருக்கும் பாரமாக இருக்கவில்லை. கல்யாணச் சாவு என்று ஊரே சொன்னது. கல்யாணத்துக்குக்கூட இத்தனை பேரிடம் கையெழுத்து வாங்க வேண்டியிருக்காது என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. தம்பி அமெரிக்காவில், தங்கை பெங்களூரில், கடலூரில் நான் ஒருத்திதான். யாராவது முன்கூட்டியே உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நடுநடுவே அப்பாவும் வருவார். அவரை விட்டுவிட்டு அவருடைய காகிதங்களைப் பற்றி மட்டும் எழுத எனக்கு வராது.

அப்பா கரும்பு விஞ்ஞானி. 1931-இல் நெல்லிக்குப்பத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில், சர்க்கரை ஆலையின் சங்குச் சத்தத்தில் எழுந்து பள்ளிக்கூடம் போன பிள்ளை. கோவையில் வேளாண்மை படித்துவிட்டு, 1955-இல் அங்கேயே கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தில் சேர்ந்து, 1991-இல் ஓய்வு பெற்று ஊர் திரும்பினார். கரும்புக்கு ஏன் கோவை என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், அன்றைக்கு அவர்களுக்கு மதியச் சாப்பாடு நம் வீட்டில்தான். கரும்பு எல்லா ஊரிலும் ஒழுங்காகப் பூத்து விதை வைக்காது, கோவையில் பூக்கும். 1912-இல் அந்த நிறுவனம் அங்கே வந்ததற்கு அதுதான் காரணம். நம் பக்கத்து 'வெள்ளை' என்கிற கரும்பையும் ஆற்றோரம் தானாக வளரும் நாணல் இனத்தையும் சேர்த்துப் பிறந்த கோ 205 என்கிற ரகம் ('கோ' என்றால் கோவை), 1918-இல் பஞ்சாபுக்குப் போனது. இனிப்பு வெள்ளையிடமிருந்து, தாக்குப்பிடிக்கும் முரட்டுத்தனம் நாணலிடமிருந்து. இதைச் சொல்லும்போது மட்டும் அப்பாவின் குரல் கொஞ்சம் உயரும்.

விவசாயி நடுவது கரணை, அதாவது கரும்புத் தண்டின் துண்டு. ஆனால் புது ரகம் வேண்டுமென்றால் பூவிலிருந்து விதை எடுக்க வேண்டும். விதை என்றால் கண்ணுக்கே சரியாகத் தெரியாது, பஞ்சோடு பஞ்சாக இருக்கும். அதை விதைத்து வருகிற ஆயிரக்கணக்கான நாற்றில் ஒன்று ரகமாக வெளியே வரப் பத்துப் பதினைந்து வருஷம் ஆகும். நவம்பர் மாதம் வந்தால் விடிவதற்கு முன்பே அப்பா வயலுக்குப் போய்விடுவார், மகரந்தம் காலையில்தான் கிடைக்கும் என்பதால். ஆனால் எட்டு மணிக்குள் திரும்பி வந்து எனக்கும் தங்கைக்கும் தலை வாரிப் பின்னல் போடாமல் இருந்ததில்லை. அம்மா போட்டால் பின்னல் தளர்ந்துவிடும் என்று அவரே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தார்.

இப்போது தமிழ்நாட்டு வயல்களில் பரவலாக இருக்கிற கோ 86032-இன் ஒரு பெற்றோர் கோ 62198, இன்னொன்று கோ.க. 671. அந்த 'க' கடலூர். நம் ஊர் ஆராய்ச்சி நிலையத்தில் தேர்வான ரகம் அது. சர்க்கரைச் சத்தில் அதை அடித்துக்கொள்ள முடியாது, ஆனால் செவ்வழுகல் நோய்க்குத் தாங்காது. தண்டை நீளவாக்கில் பிளந்தால் உள்ளே சிவப்பு, நடுநடுவே குறுக்காக வெள்ளைத் திட்டு, மூக்கருகே கொண்டுபோனால் சாராய வாடை. நோய் வந்த கரும்பை அப்பா இப்படிப் பிளந்து காட்டித்தான் எங்களுக்கு விளக்குவார், அதுவும் சமையலறைக் கத்தியால். அம்மா கத்துவார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2023 நவம்பரில் ஒருநாள் ராத்திரி, சாப்பிட்டு, மாத்திரை போட்டு, வானொலி கேட்டுக்கொண்டே தூங்கினவர் எழுந்திருக்கவில்லை. நள்ளிரவுக்குப் பிறகு நான் பார்த்தபோது கை சில்லிட்டிருந்தது. பக்கத்திலிருந்த ஒரு தனியார் மருத்துவமனைக்கு போன் செய்தால், ஆம்புலன்சில் ஏற்றிக் கொண்டுவாருங்கள் என்றார்கள். எதிர்வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற போலீஸ்காரர், அவர்தான் தடுத்தார். "அக்கா, அங்க கொண்டுபோனா இறந்த நிலையில் கொண்டுவரப்பட்டார்னு எழுதுவாங்க. அப்புறம் ஸ்டேஷனுக்குத் தகவல் போகும், பிரேதப் பரிசோதனை வரைக்கும் இழுக்கும். ஐயாவை வழக்கமா பார்க்கிற டாக்டரைக் கூப்பிடுங்க." அப்பாவுக்கு ரத்த அழுத்தம் பார்க்கிற டாக்டர் அந்த நேரத்தில் ஸ்கூட்டரில் வந்தார். வீட்டில் இறந்தவர்களுக்கு மரணக் காரணம் எழுதிக் கொடுக்கும் படிவம் 4ஏ, ஆஸ்பத்திரியில் இறந்தால் படிவம் 4. இந்தக் காகிதம் இல்லாமல் மற்ற எதுவும் நகராது. வீட்டில் வயதானவர்கள் இருந்தால், அவர்களைத் தொடர்ந்து பார்த்துவருகிற, ராத்திரி கூப்பிட்டால் வரக்கூடிய ஒரு டாக்டர் இருக்க வேண்டும். பெரிய ஆஸ்பத்திரியின் கோப்பு எண் அந்த நேரத்தில் உதவாது.

அப்பா கண் தானத்துக்கு எழுதிக்கொடுத்திருந்தார். இதை வீட்டில் எல்லோரிடமும் சொல்லியும் வைத்திருந்தார், அதுதான் முக்கியம். அட்டையில் கையெழுத்து இருந்தாலும் கடைசியில் சம்மதம் சொல்ல வேண்டியது குடும்பம். ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். போனில் கண் வங்கிக்காரர்கள் சொன்னபடி மின்விசிறியை நிறுத்தி, கண் இமைகளை மூடி, மேலே ஈரப் பஞ்சு வைத்து, தலைக்கு ரெண்டு தலையணை கொடுத்து உயர்த்தினேன். புதுச்சேரியிலிருந்து குழு வந்து அரை மணி நேரத்துக்குள் முடித்துவிட்டுப் போனது. முகத்தில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. "92 வயசுக் கண்ணை வெச்சு என்ன செய்யப் போறாங்க" என்று சொந்தத்தில் ஒருவர் கேட்டார். வயது தடையே இல்லை, கண்புரை ஆபரேஷன் ஆனவர்களும் சர்க்கரை நோய்க்காரர்களும் கொடுக்கலாம். பொருத்த முடியாத கண் பயிற்சிக்கும் ஆராய்ச்சிக்கும் போகும். ஆராய்ச்சிக்குப் போவது அப்பாவுக்குப் பிடித்திருக்கும்.

தம்பி வந்து சேரும்வரை ஃப்ரீசர் பெட்டி. வாடகை நாள் கணக்கு, மின்சாரம் போனால் ஜெனரேட்டருக்குத் தனிக் காசு. இந்தச் சமயத்தில் பேரம் பேச யாருக்கும் வாய் வராது, அது கொடுப்பவர்களுக்கும் தெரியும். பணம் எடுக்கிற, ரசீது வாங்குகிற வேலையை வீட்டு ஆள் அல்லாத ஒருவரிடம் விட்டுவிடுவது நல்லது. எங்களுக்கு எதிர்வீட்டுக்காரர் இருந்தார். தகனம் முடிந்ததும் மயான ரசீதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டவரும் அவர்தான். அது இறப்புப் பதிவுக்குக் கேட்பார்கள் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. மறுநாள் தேவனாம்பட்டினம் கடலில் அஸ்தி கரைத்தோம்.

தெருமுனையில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். "86032 கரும்பைக் கண்டுபிடித்த விஞ்ஞானி" என்று போட்டிருந்தது. அன்போடு வைத்ததுதான். ஆனால் அப்பா இருந்திருந்தால் ஏணி போட்டு அவரே கழற்றியிருப்பார். ஒரு ரகம் என்பது பூவைச் சேர்த்தவர், நாற்று பார்த்தவர், நோய்க்குச் சோதித்தவர், பல ஊர்களில் நட்டுப் பார்த்தவர், வயலில் தண்ணீர் கட்டின கூலியாள் என்று பல கைகள் பட்டு வருவது. அவர் அந்தக் கைகளில் ஒருவர், அவ்வளவுதான். தம்பி போய்ப் பக்குவமாகச் சொல்லி, வெறும் 'கரும்பு விஞ்ஞானி' என்று மாற்றி அடிக்க வைத்தான். இரங்கல் செய்தி எழுதும்போது வீட்டுக்காரர்கள் ஒருதடவை படித்துப் பார்த்துவிடுங்கள். போனவரால் திருத்தம் சொல்ல முடியாது.

இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். அதைத் தாண்டினால் தாமதக் கட்டணம், 30 நாள் தாண்டினால் அதிகாரியின் அனுமதி, ஒரு வருஷம் போய்விட்டால் இன்னும் மேலே போக வேண்டும். பதிவதில் சிரமமில்லை, பெயரில்தான் வினை இருந்தது. கவுண்டரில் "ஐயா பேர் எப்படிப் போடணும்?" என்று கேட்டார்கள். சாதாரணக் கேள்வி. ஆனால் அப்பாவுக்கு நாலு பெயர் இருந்தது. பள்ளிச் சான்றிதழிலும் வேலைப் பதிவிலும் ஊர்ப்பெயரின் முதல் எழுத்து, தகப்பனார் பெயரின் முதல் எழுத்து, அப்புறம் பெயர். ஆராய்ச்சிக் கட்டுரைகளிலும் அந்தக் காலத்து வங்கிக் கணக்கிலும் ஒரே ஒரு முன்னெழுத்து. ஆதாரில் முன்னெழுத்தே கிடையாது. பான் அட்டையில் கடைசிப் பெயர் கட்டாயம் என்று யாரோ தாத்தாவின் பெயரை முழுசாகப் பின்னால் சேர்த்திருந்தார்கள். அதை மட்டும் பார்க்கிறவர்கள் தாத்தாதான் இறந்தார் என்று நினைப்பார்கள். ஐந்து தலைமுறைக் கரும்புக்குத் தாய் எது, தகப்பன் எது என்று பிசகாமல் எழுதிவைத்த மனிதர், தன் பெயரை மட்டும் அந்தந்த அலுவலகம் எழுதினபடியே விட்டுவிட்டார்.

அந்தத் தலைமுறை முழுக்க நம் பக்கத்தில் இதே கதைதான். அவர்கள் இருக்கும்போதே ஒரு மதியம் உட்கார்ந்து ஆதார், பான், ஓய்வூதிய ஆணை, வங்கிப் புத்தகம், பத்திரம், காப்பீடு எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எழுத்துக்கூட்டல், முன்னெழுத்து, பிறந்த தேதி மூன்றும் ஒத்துப்போகிறதா என்று. உயிரோடு இருப்பவர் திருத்தக் கொடுத்தால் அது ஒரு விண்ணப்பம். இறந்த பிறகு, 'இன்னாரும் இன்னாரும் ஒரே நபர்தான்' என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் எடுக்க வேண்டும், அதுவும் ஒவ்வொரு வங்கிக்கும் தனித்தனியாக. ஒரு கிளையில் அரசிதழில் பெயர் மாற்றம் செய்துகொண்டு வரச் சொன்னார்கள். "செத்தவர் எப்படி சார் பெயர் மாத்திக்க முடியும்?" என்று கேட்டேன். மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்றார்.

அடுத்தது வாரிசுச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போட்டால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று விசாரணை நடந்து வட்டாட்சியர் கையெழுத்துக்குப் போகும். அம்மா முன்பே போய்விட்டதால் அம்மாவின் இறப்புச் சான்றிதழும் வேண்டும், அது இருந்தது. அடுத்த கேள்விதான் என்னைத் திகைக்க வைத்தது. "இறந்தவருடைய தாயார் இருக்காங்களா?" 92 வயதில் போனவரின் தாயார்! இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் ஓர் ஆணுக்கு மனைவி, பிள்ளைகளோடு தாயும் முதல் வகுப்பு வாரிசு, அதனால் கேட்பது சட்டப்படி சரிதான். ஆனால் பாட்டி போனது நான் பிறப்பதற்கு முன்னால், சான்றிதழுக்கு எங்கே போவது? கடைசியில் கிராமத்தில் அப்பா வயதை ஒட்டிய ரெண்டு பெரியவர்கள் கொடுத்த வாக்குமூலத்தில் முடிந்தது. அந்த மாதிரி ஆட்கள் ஊரில் இருக்கும்போதே இந்த வேலையை முடித்துவிட வேண்டும், தள்ளிப்போடக் கூடாது. அலுவலக வாசலில் நின்ற ஒருவர் எட்டாயிரம் கொடுத்தால் ஒரே வாரத்தில் வாங்கித் தருகிறேன் என்றார். கொடுக்கவில்லை. நேரம் கூடுதலாக எடுத்தது, ஆனால் கிடைத்தது.

வங்கிக்கு வருவோம். நாமினி இருக்கிற கணக்கு, இல்லாத கணக்கு என்று ரெண்டு உலகம். அப்பாவின் ஒரு வைப்பு நிதியில் நாமினி தங்கை. இறப்புச் சான்றிதழும் அவளுடைய அடையாள அட்டையும் கொடுத்தாள், பணம் வந்துவிட்டது. இன்னொன்றில் நாமினி அம்மா. அம்மா 2014-இல் போனபோது அப்பா அதை மாற்றவில்லை, ஆகவே நாமினி இல்லாத கணக்காகிவிட்டது. அதற்கு வாரிசுச் சான்றிதழ், எல்லா வாரிசுகளின் கையெழுத்து, பின்னால் வேறு யாராவது உரிமை கேட்டு வந்தால் நாங்களே பொறுப்பு என்கிற ஈட்டுறுதிப் பத்திரம், ஜாமீன் ஆள் எல்லாம் கேட்டார்கள். தம்பி அதற்குள் திரும்பிப் போய்விட்டான். அவன் எனக்கு அதிகாரப் பத்திரம் எழுதி, இந்தியத் தூதரகத்தில் சான்று வாங்கி, கூரியரில் அனுப்பினான். வெளிநாட்டில் எழுதின பத்திரத்துக்கு அது இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத்தீர்வை கட்ட வேண்டும் என்பது வங்கியில் சொல்லித்தான் தெரியும். கெடு முடிய ஒரு வாரம் இருக்கும்போது சொன்னார்கள். வெளிநாட்டுப் பிள்ளைகள் காரியத்துக்கு வந்திருக்கும்போதே, அழுகை ஓய்ந்த ஒரு நாளில், எல்லாக் கையெழுத்தையும் வாங்கிவிடுங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும், ஆனாலும் கேட்டுவிடுங்கள். பத்திரம், நோட்டரி, கூரியர், தூதரகக் கட்டணம், ஆட்டோ என்று எங்களுக்கு முப்பதாயிரத்துக்கு மேல் போனது. அப்பா ஒரே ஒரு நாமினிப் படிவம் எழுதியிருந்தால் அதில் பெரும்பகுதி மிச்சம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளும் கை, அவ்வளவுதான். சொத்து வாரிசுகளுக்கு உரியது. தங்கை பெயருக்கு வந்த பணத்தை அவள் அன்றைக்கே மூன்றாகப் பிரித்துப் போட்டுவிட்டாள். எல்லா வீட்டிலும் இப்படி நடக்காது. யாருக்கு என்ன என்று உயில் எழுதிவைப்பது வேறு, நாமினி எழுதுவது வேறு. ஒன்று இருந்தால் மற்றது தேவையில்லை என்று நினைக்க வேண்டாம்.

ஓய்வூதியம் தனிக் கதை. வங்கிக்கு உடனே எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும், இறந்த தேதிக்குப் பிறகு கணக்கில் விழுந்த பணத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். அந்தக் கணக்கைத் தொடாமல் விட்டுவிட்டேன். கணக்கை முடிக்கப் பழைய ஓய்வூதியச் சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு 80 வயது முடிந்தால் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடுதல், 85-இல் 30, 90-இல் 40, 95-இல் 50, நூறு வயதானால் இன்னொரு முழுப் பங்கு. அப்பாவுக்கு 2021-இல் 90 முடிந்தும் 30-லேயே நின்றிருந்தது. காரணம் கேட்டால், பழைய ஓய்வூதிய ஆணையில் பிறந்த தேதியே இல்லை, ஒவ்வொரு படிக்கும் வயதுச் சான்று கொடுத்தால்தான் ஏறும் என்றார்கள். முந்தைய ரெண்டு தடவையும் அப்பாவே போய்க் கொடுத்திருக்கிறார். 90-இல் அவரால் வெளியே போக முடியவில்லை, வங்கியும் கேட்கவில்லை. பஞ்சப்படியோடு சேர்த்து இரண்டு லட்சத்துக்கு மேல் நிலுவை. இது வாரிசுகளுக்கு வரவேண்டிய பணம், இறந்த பிறகும் கேட்டு வாங்கலாம். பள்ளிச் சான்றிதழை இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்தி, அப்புறம் ஆன்லைனில் புகாரும் பதிந்தேன். புகார் எண் வந்த பிறகுதான் கோப்பு அசைந்தது. பணம் வந்தது. 80 தாண்டிய ஓய்வூதியர் உங்கள் வீட்டில் இருந்தால் இந்த மாதச் சீட்டை எடுத்து, கூடுதல் ஓய்வூதியம் என்ற வரியை ஒருதடவை பாருங்கள்.

இதெல்லாம் ஒரு பக்கம் நடக்க, இன்னொரு பக்கம் அப்பாவின் மரப் பீரோ. உள்ளே கட்டுக்கட்டாக வயல் குறிப்பேடுகள், கண்ணாடி ஸ்லைடுகள், கோவையிலும் கண்ணூரிலும் எடுத்த புகைப்படங்கள். உலகத்துக் கரும்பு வகைகளைச் சேர்த்துவைத்திருக்கிற கண்ணூர் நிலையத்தில் அவர் சில வருஷம் இருந்தார். பழைய பேப்பர்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு கிலோ என்ன விலை என்று ஆரம்பித்தார், அவரை அனுப்பிவிட்டேன். நூலகங்களும் சும்மா கொடுத்தால் வாங்கிக்கொள்ளும் என்று நினைக்க வேண்டாம். அச்சான இதழ்கள் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கும், இடமும் இல்லை. கையால் எழுதினவைதான் வேறெங்கும் கிடைக்காதவை. அவற்றைத் தனியே பிரித்து, ஒவ்வொரு ஏட்டிலும் எந்த ஆண்டு, எந்த ஊர், எந்தச் சோதனை என்று ஒரு பட்டியல் போட்டு, பட்டியலை மட்டும் முதலில் அனுப்பினால் பதில் வருகிறது. மூட்டையோடு போய் நின்றால் வராது. அரசுச் செலவில் எடுத்த தரவு நிறுவனத்துக்கு உரியது, அதை ஒப்படைப்பதுதான் முறை. அனுப்பும் முன் வெயில் வெளிச்சத்தில் மொபைலில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக்கொண்டேன். படங்களில் இருப்பவர்கள் யார் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. ரெண்டு வருஷம் முன்பே பேரன் லீவுக்கு வந்தபோது ஒவ்வொரு படமாக எடுத்துக் காட்டி, தாத்தா பேசுவதை மொபைலில் பதிந்துவைத்திருந்தான்.

ஏடுகளில் பாதி அலை அலையாக நெளிந்திருந்தன. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூரைப் புரட்டிப்போட்டபோது ஓடு பறந்து பீரோவுக்குள் தண்ணீர் இறங்கியது. ஊரில் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடக்க, அப்பா மொட்டை மாடியில் கொடி கட்டி, துணி உலர்த்துவது மாதிரி ஏடுகளை உலர்த்தினார். பேனாவில் எழுதின கடிதங்கள் நீலக் கறையாகிவிட்டன. வயல் குறிப்புகள் மட்டும் ஒரு எழுத்துகூட அழியவில்லை, எல்லாம் பென்சில். பனியிலும் மழையிலும் நின்று எழுதுகிறவன் பேனா வைத்திருக்கக் கூடாது என்பார். வீட்டில் முக்கியமான விஷயங்களை எழுதிவைக்கிறவர்களுக்கும் அதையே சொல்கிறேன், பென்சிலில் எழுதி பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். ராமபாணப் பூச்சிக்கு மட்டும் வேறு வழி பார்க்க வேண்டும். கடற்கரை ஊரில் பீரோவை வருஷம் ஒருமுறையாவது காலி செய்து வெயில் காட்டினால்தான் உண்டு.

அந்தக் கட்டில் ஒன்று கரும்பு ஏடு இல்லை. அட்டை அதேதான், கோடு போட்ட பத்திகளும் அதேதான். முதல் பத்தியில் தேதி, அடுத்து நேரம், அடுத்து சாப்பிட்டது, தூங்கியது, கடைசியில் 'சொன்ன சொற்கள்'. அம்மாவுக்கு நினைவு தப்ப ஆரம்பித்த பிறகு அப்பா எழுதினது. இட்லி 2, தூக்கம் 4 மணி, சொல்: கோயில், மாடு, தண்ணி. ஒரு பக்கத்தில் என் பெயர் இருக்கிறது, பக்கத்தில் ஒரு சின்ன டிக். அப்புறம் வாரக் கணக்கில் கடைசிப் பத்தி காலி, ஆனால் கோடு மட்டும் போட்டிருக்கிறது. 'பின்னல் போட்டேன், சிரித்தாள்' என்று ஓர் இடத்தில், பத்திக்குள் அடங்காமல் ஓரத்தில். டாக்டரிடம் போகும்போதெல்லாம் அப்பா எந்த மாத்திரைக்குப் பிறகு தூக்கம் கெட்டது என்று தேதியோடு சொல்வார், டாக்டரே ஆச்சரியப்படுவார். எப்படிச் சொல்கிறார் என்று இப்போதுதான் தெரிந்தது. உங்கள் வீட்டில் நினைவு தப்பியவரைப் பார்த்துக்கொள்கிறவர் இருந்தால் இப்படி ஓர் ஏடு போடலாம். மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்பதற்கு டாக்டருக்கு இதைவிட நல்ல தகவல் கிடைக்காது. அந்த ஏட்டை நான் எந்த நூலகத்துக்கும் கொடுக்கவில்லை.

அப்பாவின் கை ரிஃப்ராக்டோமீட்டர், சாற்றின் இனிப்பை அளக்கும் சின்னக் கருவி, நெல்லிக்குப்பம் பக்கத்தில் ஒரு விவசாயியிடம் போய்விட்டது. அப்பா ஓய்வுபெற்ற பிறகும் அவர் வயலுக்குத்தான் அடிக்கடி போவார். தண்டின் அடியில் ஒரு சொட்டுச் சாறு, நுனியில் ஒரு சொட்டு, கண்ணாடியில் வைத்து வானத்தைப் பார்த்துத் தூக்கினால் எண் தெரியும். அடியும் நுனியும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்தால் முற்றிவிட்டது, வெட்டலாம். "ஐயா ரீடிங் எடுத்துச் சொன்னா ஆலைக்காரனே வெட்டு உத்தரவு கொடுப்பான்" என்று அந்த விவசாயி காரியத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். கொஞ்சம் மிகைதான், ஆனால் நான் திருத்தவில்லை.

ஒரே ஒரு கணக்கு பாக்கி. பத்து வருஷம் யாரும் தொடாத வங்கிப் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும், அதைத் தேடிப் பார்க்க உத்கம் என்று ஓர் இணையதளம் 2023-இல் வந்திருக்கிறது. போனவர் பெயரைப் போட்டுப் பாருங்கள், ஒரு பெயர் அல்ல, அவருக்கு இருந்த எல்லாப் பெயரையும். அப்பாவின் மற்ற மூன்று பெயருக்கும் ஒன்றும் வரவில்லை. கட்டுரைகளில் போடுவாரே, ஒற்றை முன்னெழுத்து, அதற்குக் கோவையில் ஒரு பழைய சேமிப்புக் கணக்கு வந்தது. வாடகை வீட்டில் இருந்தபோது தொடங்கியிருப்பார், தொகை பெரிதாக இருக்காது. விண்ணப்பம் கொடுத்தாகிவிட்டது. ஒரே நபர் என்று இன்னொரு உறுதிமொழிப் பத்திரம் கேட்டிருக்கிறார்கள், மூன்று வாரிசும் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். தம்பி தை மாதம் வருகிறான். டிக்கெட் காசுகூடத் தேறாது என்று சொன்னேன், பரவாயில்லை என்கிறான்.